வலி என்னும் காவல்காரன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பூச்செடி வாங்கப் புறப்படுகிறவர்கள் சுங்கை பூலோவுக்குத்தான் போவார்கள். அங்கே வரிசையாகத் தெரியும் செடிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. டாக்டர் டிராவர்ஸ் எடுத்த முயற்சியால் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு அது. வெளியுலகத்தோடு கலக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தனிப் பணத்தாளே அச்சடிக்கப்பட்டது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்ற தாயிடமிருந்து பிரிக்கப்பட்டன.

இத்தனைக்கும் காரணம் அச்சம். சதை அழுகி விரல் உதிரும் நோய் என்றே மக்கள் நம்பினார்கள். உண்மையில் விரலைத் தின்றது கிருமிதானா?

இதற்கு விடை நம் நரம்புகளில் இருக்கிறது. தோலுக்கு அடியில் தொடுதல், சூடு, குளிர், வலி ஆகியவற்றை உணரத் தனித்தனி நரம்பு முனைகள் உள்ளன. தொடு உணர்வு, உறை போர்த்திய தடித்த நரம்பிழைகளில் வினாடிக்கு 30 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். மந்தமான வலியோ உறையில்லாத மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான் நகரும். காலைக் கல்லில் இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரிந்தாலும் விண்விண் என்ற வலி சற்றுப் பிந்தி வருவது இதனால்தான். மிளகாய் தின்றால் 'எரிகிறது' என்கிறோம். அது வெறும் பேச்சு அல்ல. சூட்டை உணரும் அதே முனையைத்தான் மிளகாயின் காரமும் தூண்டுகிறது. அதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி, நரம்பின் உறையிலேயே குடியேறுகிறது. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் போன்ற குளிர்ச்சியான இடங்களில் நரம்பு கெடுகிறது. பெரும்பாலும் முதலில் சூடு, குளிர் தெரியாமல் போகும். பிறகு வலியும் தொடு உணர்வும் மறையும்.

இதன் விளைவைக் கண்டுசொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் பிறந்து, சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்து, 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவன் அதை எளிதாகத் திறந்தான். விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும்படி வெட்டுக்காயம். பையனுக்கோ ஒன்றும் தெரியவில்லை! கொதிக்கும் பாத்திரம், செருப்பில் சிக்கிய ஆணி, இரவில் கடிக்கும் எலி இவையே கைகால்களைச் சிதைத்தன என்று பிராண்ட் காட்டினார். சதை தானாக அழுகவில்லை. வலி என்ற காவல்காரன் இல்லாத வீட்டில் நடந்த சேதம் அது.

இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும். 1981 முதல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்து வருகிறது. ஆனால் காவல்காரனை விரட்டும் வேறொரு நோய் நம் வீடுகளில் இருக்கிறது. அதுதான் இனிப்பு நீர். மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அது அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. அதுவும் பாத நரம்புகளைக் கெடுக்கும். காலில் புண் இருப்பதே தெரியாமல், கடைசியில் காலையே எடுக்கும் நிலை வரும்.

வலிக்கவில்லை என்பதால் காயம் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் நாள்தோறும் இரவில் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். வெறுங்காலோடு நடக்காமல் இருப்பதும், வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுவதும் நல்லது. நரம்பு செய்ய மறந்த காவலைக் கண் செய்யட்டும்.