இடக்கைக் கட்டைவிரலின் பணி

வடபுல நகரங்களில் வாழும் நாம் திருமண ஊர்வலத்தின் பாண்டு வாத்தியங்களிடையே கிளாரினெட்டையும் சாக்ஸபோனையும் கேட்டிருக்கிறோம். நம் நாகசுரத்துக்கும் அவற்றுக்கும் உள்ள வேற்றுமைகளுள் ஒன்று, இடக்கைக் கட்டைவிரலின் பணி.

குழலினுள் அடங்கிய காற்றை வேறு விதமாக அதிரச் செய்தால், ஏறக்குறைய அதே விரலடைப்பில் மேல் ஸ்தாயி பிறக்கும். நாகசுர வித்வான் இதனை மூச்சாலும் உதட்டாலுமே சாதிக்கிறார். அவ்வாத்தியத்தில் கட்டைவிரலுக்குத் துளை இல்லை. ஐரோப்பியரோ இப்பொறுப்பில் ஒரு பங்கைக் கட்டைவிரலிடம் ஒப்படைத்தனர்.

ரெக்கார்டர் என்னும் அவர்களது பழைய குழலின் பின்புறத்தில் ஒரு துளை உண்டு. கட்டைவிரலைச் சற்றே மடித்து, அத்துளையில் ஒரு கீற்றளவு திறந்தால் ஸ்வரம் மேலே தாவும். கீற்று சிறிது பெருகினாலும் நாதம் கெடும்; அளவு முழுவதும் வாசிப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

ரெக்கார்டர்கள் செய்துவந்த நூரம்பர்க் நகரத்து யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர், 1700ஆம் ஆண்டையொட்டிக் கிளாரினெட்டை உருவாக்கியவராகக் கருதப்படுகிறார். அதன் பின்புறச் சிறு துளையை ஓர் உலோக விசை மூடியிருந்தது. கட்டைவிரல் அழுத்தினால் அது திறந்தது. துளையின் அளவை இப்போது வாத்தியம் செய்பவரே நிர்ணயித்துவிட்டார். ஆயினும், உருளை வடிவக் குழலாதலின், ஸ்வரம் எட்டாம் இடத்துக்கன்றிப் பன்னிரண்டாம் இடத்துக்கே சென்றது.

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். இது கூம்பு வடிவக் குழல். ஆகவே ஒரு ஸ்தாயியே உயரும். ஆனால் மேல் ஸ்தாயி முழுவதற்கும் ஒரே துளை பொருந்தவில்லை. எனவே இரண்டு துளைகளும் இரண்டு விசைகளும் அமைந்தன. இரண்டும் கட்டைவிரலின் பொறுப்பே. விரைந்து வாசிக்கையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது நடுவழியில் மாறவேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தானியங்கு அமைப்பு வந்தது. கட்டைவிரல் ஒரே விசையை அழுத்தும். எத்துளை திறக்கவேண்டும் என்பதை இடக்கை மோதிரவிரலின் நிலை தீர்மானிக்கும்.

பயிற்சியின் தேவை இதனால் நீங்கிவிடவில்லை. கட்டைவிரலைத் தூக்கி அடித்தால் தாமதமும் பிசிறும் நேரும். தாங்கியில் ஊன்றியவாறே நுனியைச் சாய்த்து அழுத்துவதே முறை. விசை துளையைத்தான் திறக்கும். சுருதியை நிலைநிறுத்துவது மூச்சு. கர்நாடகத்து நாகசுர வித்வானின் மகனும், தாமே நாகசுரம் பயின்றவருமான கத்ரி கோபால்நாத், 2019இல் மறையும்வரை சாக்ஸபோனில் கர்நாடக இசையை நாடறிய வாசித்தார். விசையற்ற வாத்தியத்தில் தொடங்கிய பயிற்சி, விசைகள் நிறைந்த வாத்தியத்துக்கும் அடித்தளமாயிற்று.