மெத்தனால் நச்சேற்றமும் அவசர சிகிச்சையும்

மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவரின் ரத்தத்தில் அமிலம் பெருகி, பார்வையும் உயிரும் ஆபத்துக்குள்ளாகும் நிலை மெத்தனால் நச்சேற்றம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் இதனால் இறந்தனர். எவ்வளவு குடித்தார் என்பதே முதல் கேள்வியாக எழுவது வழக்கம். எத்தனை மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கியது என்ற கேள்வியும் அதற்குக் குறைந்ததல்ல.

இந்த நச்சின் இயல்பே அதற்குக் காரணம். மெத்தனால் தன்னளவில் போதையைத்தான் தருகிறது. கல்லீரலின் நொதிகள் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதை இந்த அமிலம் முடக்குகிறது. பார்வை நரம்பும் மூளையின் சில பகுதிகளும் முதலில் அடிபடுகின்றன. அமிலம் சேர 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். வழக்கமான மதுவிலுள்ள எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதுவரை குடித்தவர் நன்றாக நடமாடுவார். பின்னர் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போன்ற மங்கல் என வரிசையாகத் தொடங்கும். கண் மங்குகிறது என்றால் அமிலம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று பொருள்.

சிகிச்சை மூன்று முனைகளில் நடக்கிறது. மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமிபிசோல் மருந்து ஊசிவழி செலுத்தப்படுகிறது. முதல் அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம். அது கிடைக்காத இடத்தில் மருத்துவத் தரமுள்ள எத்தனால் தரப்படுகிறது. நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே பெரிதும் நாடுவதால், மெத்தனால் மாற்றமடையாமல் நிற்கிறது. ஏற்கெனவே உண்டான அமிலத்தைச் சோடியம் பைகார்பனேட் ஈடுகட்டுகிறது. உண்டான அந்த அமிலம் சிதைந்து வெளியேற ஃபோலினிக் அமிலம் துணைசெய்கிறது. பார்வை கெட்டவர்கள், நினைவிழந்தவர்கள், அமிலத்தன்மை கடுமையானவர்கள் ஆகியோருக்கு டயாலிசிஸ் செய்து மெத்தனாலையும் அமிலத்தையும் ஒருசேர நீக்க வேண்டும். நொதியைத் தடுத்தபின் மெத்தனாலில் பாதி வெளியேறவே சுமார் இரண்டு நாள் பிடிக்கும்; டயாலிசிஸ் அந்தக் காத்திருப்பையும் குறைக்கிறது.

ஆய்வக முடிவு வராமல் மருந்து தரலாமா என்ற தயக்கம் நியாயமானதே. எத்தனால் மயக்கத்தையும் ரத்தச் சர்க்கரைக் குறைவையும் உண்டாக்கும். ஃபோமிபிசோல் விலை மிகுந்தது. ஆனால் ரத்தத்தில் மெத்தனாலை நேரடியாக அளக்கும் கருவி பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை. அமிலத்தன்மையைக் காட்டும் ரத்தவாயுப் பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். அந்த முடிவும் ஒரே சாராயத்தைப் பலர் குடித்த செய்தியும் பொருந்தினால், தேவையின்றி ஒருமுறை மருந்து தருவதால் வரும் கேட்டைவிடக் காத்திருப்பதால் வரும் கேடே பெரிது. எத்தனாலே மருந்தாகும் என்றால், வீட்டிலேயே நல்ல மது குடித்துச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது கொடிய தவறு. 2012-இல் செக் நாட்டில் நேர்ந்த மெத்தனால் நச்சேற்றப் பெருந்துயரில், மருத்துவமனை சேரும் முன்பே எத்தனால் பெற்றவர்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடியது உண்மை. ஆனால் அதைத் தொடர்ந்து மருத்துவமனையில் முழுச் சிகிச்சையும் நடந்தது. வீட்டில் குடிக்கும் மது, ஏற்கெனவே சேர்ந்த அமிலத்தை ஈடுகட்டாது, மெத்தனாலை வெளியேற்றாது. அறிகுறிகளைத் தள்ளிப்போட்டு, உடல் தேறிவிட்டது என்று நம்பவைக்கும்.

காவல்துறைக்கு அஞ்சியும் ஊரார் பேச்சுக்கு நாணியும் குடித்ததை மறைப்பவர்கள் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவு குற்றம் விசாரிக்கும் இடமல்ல. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்ற உண்மைதான் அங்கே முதல் மருந்து. கள்ளச்சாராயம் குடித்த ஒருவருக்குக் கண் மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, அவரோடு குடித்த அனைவரையும், நலமாகத் தோன்றுபவர்களையும் சேர்த்து, உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.