அமெரிக்காவின் ஐந்து நிற அபாய எச்சரிக்கை (2002–2011)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2002 மார்ச் முதல் 2011 ஏப்ரல் வரை, பயங்கரவாதத் தாக்குதல் நடக்கக்கூடிய அபாயத்தை ஐந்து நிறங்களால் மக்களுக்கு அறிவிக்கும் முறை ஒன்று இருந்தது. பச்சை என்றால் அபாயம் குறைவு. அதற்கு மேல் நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, சிவப்பில் முடியும். நாடு முழுவதற்குமான நிறம் இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. அதாவது ஐந்து நிறங்களில் இரண்டு கடைசிவரை பயன்படாமலே போயின.

அரசு விடுத்த இந்த எச்சரிக்கைகளை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். நிறங்களைக் கேலி செய்வது எளிது. அந்நாட்டுத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்கள் அதை ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். ஆனால் இந்த முறை ஏன் தோன்றியது என்பதை அறிந்த பிறகு சிரிப்பு சற்றுக் குறையும். அதற்கு 1988ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

ஒரு தூதரக அறிவிப்புப் பலகை

1988 டிசம்பர் 5 அன்று பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இரண்டு வாரங்களுக்குள் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்படும் என்றார் பேசியவர். அமெரிக்க அரசு இதை விமான நிறுவனங்களுக்கும் தன் தூதரகங்களுக்கும் தெரிவித்தது. மாஸ்கோ தூதரகத்தில் அந்தச் செய்தி ஊழியர்கள் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. விமானச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்த பொதுமக்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அழைப்பு வந்த 16ஆம் நாள், டிசம்பர் 21 அன்று, லண்டனிலிருந்து நியூயார்க் சென்ற பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற சிற்றூரின் மேல் வெடித்துச் சிதறியது. அதன் பயணம் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து இணைப்பு விமானத்துடன் தொடங்கியது. விமானத்தில் இருந்த 259 பேரும் தரையில் 11 பேரும் இறந்தனர். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த சைராக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 35 பேர் அதில் இருந்தார்கள்.

ஹெல்சிங்கி அழைப்பு வெறும் புரளி என்றும், அது உண்மையான சதியோடு தற்செயலாகவே ஒத்துப்போனது என்றும் விசாரணை அதிகாரிகள் பின்னர் முடிவுக்கு வந்தனர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தரவில்லை. புரளியோ உண்மையோ, அரசு ஊழியர்களுக்குச் சொன்னதை எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லவில்லை என்பது அவர்கள் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் எதுவும் இல்லை. அவர்கள் விடாமல் போராடியதன் பயனாக 1990இல் விமானப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பொதுவான அபாயத்தைச் சிலருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லக் கூடாது என்ற கொள்கையும் வெளியுறவுத் துறையில் நிலைபெற்றது. அரசு ஊழியருக்கு ஒரு நீதி, குடிமகனுக்கு ஒரு நீதி என்பது கூடாது என்பதே அதன் சாரம். இன்று அமெரிக்கத் தூதரகங்கள் அடிக்கடி வெளியிடும் பயண எச்சரிக்கைகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

நிறங்கள் வந்த கதை

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்டோபர் 11 அன்று மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, அடுத்த சில நாட்களில் தாக்குதல் நடக்கலாம் என்றது. அக்டோபர் 29 அன்று அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் மறுபடியும் எச்சரித்தார். எங்கே, எப்போது, எப்படி என்று இரண்டிலும் எதுவும் இல்லை. நவம்பர் 1 அன்று கலிபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸ், கோல்டன் கேட் பாலம் உட்பட நான்கு பெரிய பாலங்களின் பெயரைச் சொல்லியே எச்சரிக்கை விடுத்தார். உறுதியாகாத தகவலை வைத்து மக்களை மிரட்டுகிறார் என்று ஒரு சாரார் அவரைச் சாடினர். தெரிந்ததை மறைக்காமல் சொன்னாரே என்று மற்றொரு சாரார் பாராட்டினர். எந்தப் பாலமும் தாக்கப்படவில்லை.

இப்படி ஆளுக்கொரு குரலில் பேசுவதை நிறுத்தி ஓர் ஒழுங்கு கொண்டுவரவே நிற முறை உருவாக்கப்பட்டது. அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2002 மார்ச் 11 அன்று கையெழுத்திட்ட ஆணையின்படி, மறுநாள் டாம் ரிட்ஜ் இதை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். பென்சில்வேனியா ஆளுநராக இருந்த அவர், அடுத்த ஆண்டு புதிதாக அமைந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முதல் அமைச்சரானார். தொடக்க நாளின் நிறம் மஞ்சள். செப்டம்பர் 11 தாக்குதலின் முதலாண்டு நினைவுநாளுக்கு முந்தைய நாள் அது முதன்முறையாக ஆரஞ்சாகி, இரண்டு வாரம் அப்படியே இருந்தது.

டக்ட் டேப் வாரம்

மக்கள் எதிர்வினையின் உச்சம் 2003 பிப்ரவரியில் வந்தது. பிப்ரவரி 7 அன்று நிறம் இரண்டாம் முறை ஆரஞ்சானது. ஈராக் மீது போர் தொடுப்பது பற்றிய பேச்சு நாடெங்கும் சூடாக இருந்த நேரம் அது. பிப்ரவரி 10 அன்று அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் தலைவர் டேவிட் பாலிசன் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஒவ்வொரு குடும்பமும் மூன்று நாளுக்குத் தேவையான தண்ணீர், உணவு, பேட்டரியில் ஓடும் வானொலி ஆகியவற்றோடு பிளாஸ்டிக் விரிப்பும் டக்ட் டேப்பும் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். டக்ட் டேப் என்பது துணி இழை வைத்த, அகலமான, சாம்பல் நிற ஒட்டுநாடா. நச்சு வாயு பரவினால் ஓர் அறையின் சன்னல் கதவு இடுக்குகளை அடைக்க அது உதவும்.

தண்ணீரும் வானொலியும் யார் நினைவிலும் நிற்கவில்லை. ஒட்டுநாடா மட்டும் நின்றது. தலைநகர் வாஷிங்டனைச் சுற்றியிருந்த கடைகளில் டக்ட் டேப்பும் பிளாஸ்டிக் விரிப்பும் ஓரிரு நாளில் தீர்ந்துபோயின. கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர் தன் வீட்டை வெளிப்பக்கமாகவே பிளாஸ்டிக்கால் போர்த்திவிட்டார். அந்தப் படம் உலகச் செய்திகளில் வலம் வந்தது. மூடிய அறையில் காற்று எவ்வளவு நேரம் தாங்கும், அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று நிபுணர்கள் கவலையோடு கேட்கத் தொடங்கினர். பிப்ரவரி 14 அன்று ரிட்ஜ் செய்தியாளர்களைக் கூட்டி, யாரும் இப்போதே கதவு சன்னல்களை ஒட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, நிதானமான தயாரிப்புக் குறிப்புகளோடு அரசின் 'ரெடி' என்ற பிரசார இயக்கம் தொடங்கியது. ஐந்து நாள் முன்னதாகவே அது வந்திருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு.

எச்சரிக்கைக்கு ஆதாரமாக இருந்த தகவலின் ஒரு பகுதி, பிடிபட்ட ஒருவர் இட்டுக்கட்டிச் சொன்னது என்று அதே வாரம் செய்தி வெளியானது. பிப்ரவரி 27 அன்று நிறம் மஞ்சளுக்கு இறங்கியது. போர் தொடங்க இருந்த மார்ச் 17 அன்று மறுபடியும் ஆரஞ்சானது.

இந்த வாரத்தை 'பீதி' என்ற சொல்லால் குறிப்பது வழக்கம். அது முழுச் சரியல்ல என்பது என் கருத்து. செய்யச் சொன்னதைத்தான் மக்கள் செய்தார்கள். அரசு அவ்வளவு நாளும் 'கவனமாக இருங்கள், ஆனால் வழக்கம்போல் வாழுங்கள்' என்றே சொல்லிவந்தது. கையால் செய்யக்கூடிய ஒரு வேலை அன்றுதான் முதன்முறையாகக் கிடைத்தது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். தேர்வு கடினமாக இருக்கும் என்று மட்டும் சொன்னால் மாணவன் பயப்படுவான். இந்த இரண்டு பாடத்தைப் படி என்றால் அன்று இரவே புத்தகத்தோடு உட்காருவான், தேவையற்ற பக்கங்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்வான்.

அதே வாரத்தில் பிரிட்டனும் ஓர் எச்சரிக்கையைச் சந்தித்தது. பிப்ரவரி 11 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 450 படைவீரர்களும் கவச வண்டிகளும் நிறுத்தப்பட்டன. அங்கே யாரும் ஒட்டுநாடா வாங்க ஓடவில்லை. போருக்கு ஆதரவு திரட்டும் நாடகமா இது என்ற கேள்விதான் எழுந்தது. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 15 அன்று, அந்நகரம் அதுவரை காணாத பெரும் போர் எதிர்ப்புப் பேரணி நடந்தது.

சந்தேகம்

அமெரிக்காவிலும் அந்தக் கேள்வி மெல்ல வளர்ந்தது. 2004 ஆகஸ்ட் 1 அன்று ரிட்ஜ் இன்னொரு ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தார். அதிபர் தேர்தல் ஆண்டு அது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் மாநாடு முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இம்முறை எச்சரிக்கை துல்லியமாகவே இருந்தது. நியூயார்க் பங்குச் சந்தை, சிட்டிகுரூப், நியூவார்க்கில் புருடென்ஷியல், வாஷிங்டனில் உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் என்று கட்டடங்களின் பெயர்களே சொல்லப்பட்டன. ஆனால் வேவு பார்த்த அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி மூன்று நான்கு ஆண்டு பழையவை என்று ஓரிரு நாளில் தெரியவந்தது. அரசு வாக்குக்காகப் பயத்தை விற்கிறது என்று எதிர்ப்பாளர்கள் பேசினர்.

இதில் இரு பக்கமும் பார்க்க வேண்டும். அந்தக் குறிப்புகள் போலி அல்ல. அவற்றைத் தயாரித்த திரேன் பரோத் அந்த ஆகஸ்டிலேயே லண்டனில் கைதாகி, 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். மறுபக்கம், 2004இல் ராப் வில்லர் என்ற சமூகவியலாளர் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பின்னும் புஷ்ஷுக்கான மக்கள் ஆதரவு கேலப் கருத்துக்கணிப்பில் சராசரியாக 2.75 புள்ளி உயர்ந்தது தெரியவந்தது. 2009இல் ரிட்ஜே தன் நினைவுநூலில், 2004 தேர்தலுக்கு முந்தைய நாட்களில் நிறத்தை உயர்த்தும்படி உயர்மட்டக் கூட்டத்தில் சிலர் வற்புறுத்தியதாகவும், அதில் அரசியல் இருக்குமோ என்று தான் ஐயுற்றதாகவும் எழுதினார். நிறம் அப்போது உயர்த்தப்படவில்லை.

அதிகாரிகளின் தரப்பையும் மறக்கக் கூடாது. பின் லேடன் அமெரிக்காவுக்குள் தாக்க உறுதியாக உள்ளார் என்ற உளவுக் குறிப்பு 2001 ஆகஸ்ட் 6 அன்றே அதிபர் மேசைக்குப் போயிருந்தது. அது 2004 ஏப்ரலில் வெளியிடப்பட்டபோது நாடு கேட்டது லாக்கர்பி குடும்பங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான். சொன்னால் பயமுறுத்துகிறார்கள் என்பர், சொல்லாவிட்டால் மறைத்தார்கள் என்பர். இரண்டில் முதற்பழியே மேல் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

மரத்துப்போன ஆரஞ்சு

சிவப்பு ஒரே ஒருமுறை வந்தது. திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட 2006 ஆகஸ்ட் 10 அன்று, பிரிட்டனிலிருந்து அமெரிக்கா வரும் விமானங்களுக்கு மட்டும் சிவப்பு அறிவிக்கப்பட்டது. சில நாளில் அது ஆரஞ்சாகக் குறைந்தது. மற்ற விமானங்களுக்கும் ஆரஞ்சுதான். பிறகு முறை கைவிடப்படும் வரை விமானத் துறை ஆரஞ்சிலேயே இருந்தது. கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியும் அந்தச் சதியின் மிச்சம்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெற்றோர் ஊறுகாய் புட்டியைப் பறிகொடுப்பதற்கான காரணம் இதுவே.

2008இல் நானும் அப்படி ஒரு பயணம் போனேன். அங்கே ஒரு விமான நிலையத்தில், அபாய நிலை ஆரஞ்சு என்று ஒலிபெருக்கி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒருவன்தான் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தேன். மற்றவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். புலி வருது கதைதான்.

இதற்கான செலவை உள்ளூர் அமைப்புகள் சுமந்தன. ஆரஞ்சு என்றால் காவலர்களுக்குக் கூடுதல் நேர வேலை, கூடுதல் ஊதியம். போரும் ஆரஞ்சும் சேர்ந்த 2003 மார்ச்சில் நகரங்களின் கூடுதல் செலவு வாரத்துக்குச் சுமார் 7 கோடி டாலர் என்று மேயர்கள் மாநாடு கணக்கிட்டது.

பராக் ஒபாமா ஆட்சியில் 2009இல் ஒரு குழு இம்முறையை ஆராய்ந்தது. 2011 ஏப்ரலில் நிறங்கள் விடைபெற்றன. புதிய முறையில் ஒவ்வோர் எச்சரிக்கையும் அபாயம் என்ன, மக்கள் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். முக்கியமாக, அது காலாவதியாகும் தேதியும் குறிப்பிடப்பட வேண்டும்.

இலங்கை, 2019

லாக்கர்பியின் கேள்வி முப்பது ஆண்டு கழித்து நமக்கு அருகிலேயே எழுந்தது. 2019 ஏப்ரல் 4 அன்று இந்திய உளவுத்துறை, தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று இலங்கைக்குத் தகவல் தந்தது. ஏப்ரல் 11 அன்று இலங்கைக் காவல்துறையின் உயரதிகாரி ஒருவர், சஹ்ரானின் பெயரோடு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது அமைச்சர்கள் உள்ளிட்ட முக்கியப் பிரமுகர்களுக்கும் தூதரகங்களுக்கும் காவல் தரும் பிரிவுகளுக்கு. தேவாலயங்களுக்கு வரும் மக்களுக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்த குழந்தைகள் பலர்.

கிடைத்த எச்சரிக்கையின் மீது நடவடிக்கை எடுக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும், அன்றைய காவல், பாதுகாப்பு, உளவுத் துறைத் தலைமை அதிகாரிகளும் தத்தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது.