விலை சொல்றவன் யாரு?

எனக்கு ஊர் தருவைகுளம். தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாக் கரை. எங்க தாத்தா தூத்துக்குடிக்குப் போய்ச் சங்கு குளித்தவர். "மூச்சு என்னோடது, சங்கு சர்க்காரோடது" என்பார். அந்தக் காலத்தில் சங்கு அரசின் ஏகபோகம். உயிரைப் பணயம் வைத்து எடுத்ததை, அவர்கள் வைத்த விலைக்குத்தான் போட வேண்டும். அது வங்காளத்துக்குப் போய் வளையலாகும். குளித்தவன் வீட்டில் கஞ்சிதான்.

சில வருஷங்களுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில், செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி சொன்னார்: "பாறையில தொங்கித் தேனெடுக்கிறது நாங்க. வெல சொல்றது அவுக." தாத்தாவின் குரல் கேட்டதுபோல் இருந்தது. அதனால்தான் கடற்கரைக்காரன் மலையைப் பற்றி எழுதுகிறேன்.

பளியர், காணிக்காரர் போன்றவர்களை வெளியுலகம் தெரியாமல் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்தவர்கள் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டில் பொருள் சேகரிப்பவர் கொடுக்கல் வாங்கல் அறியாதவர் அல்ல. தேனையும் கிழங்கையும் கொடுத்தவர்கள் மீன்நெய்யும் நறவும் வாங்கிப் போன செய்தி பொருநராற்றுப்படையிலேயே இருக்கிறது. அது சோழநாட்டுச் செய்திதான். ஆனாலும் மலைப்பொருளும் கடல்பொருளும் நேருக்கு நேர் கைமாறியதற்கு அது சாட்சி.

அதற்காகப் பழங்காலத்தைப் பொற்காலம் என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. பாண்டியனின் கொற்கையில் தண்டனைக் கைதிகளை இறக்கி முத்தெடுத்தார்கள் என்கிறது கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ். கொற்கை முத்தின் பெருமை பேசும் மேடைகளில் இந்த வரி வருவதில்லை.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு அரசின் சொத்தாயிற்று. தேன், மெழுகு எல்லாம் 'வன மகசூல்' ஆயின. சேகரிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுக்கப் பளியரிடம் காசு ஏது? காசுள்ள காண்ட்ராக்டர் எடுத்தான். அரிசியும் துணியும் முன்பணமாகக் கொடுத்தான். அந்தக் கடனுக்குத் தேனும் கடுக்காயும் கல்பாசியும் வாங்கினான். கணக்குநோட்டு அவனிடம், தராசும் அவனிடம். கடன் எப்படித் தீரும்? தலைமுறை தலைமுறையாக எடுத்தவர் கூலியாளானார். அனுமதி இல்லாமல் எடுத்தால் திருடர்.

அந்த மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021இல் புலிகள் காப்பகத்துக்குள் போனது. இடையில் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டுமக்களுக்கே உரிமை என்று அது சொல்கிறது. ஆனால் 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவால், தமிழ்நாட்டில் 2016 வரை உரிமைப் பத்திரங்கள் முடங்கிக் கிடந்தன.

'சேகரிக்கவும் விற்கவும்' என்பதில் நாம் முதல் சொல்லை மட்டுமே பிடித்துக்கொள்கிறோம். காட்டுக்குள் போக அனுமதி கேட்கிறோம், பட்டா கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பறிபோனது காடு மட்டுமல்ல. தன் பொருளுக்குத் தானே விலை சொல்லும் வாய். பாட்டி கேட்டது அதைத்தான். தாத்தா கேட்காமலே செத்ததும் அதைத்தான்.