ஆறு நடிகர்களும் ஒரு நாள் பேரும்

கொஸ்லந்தப் பக்கம் தோட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேச 'பேர்' என்ற ஒரு சொல் போதும். செக்ரோலில் ஒரு முழு நாள் வேலை பதிந்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர் விழுந்துச்சு?" என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் கிடைத்தது என்று அர்த்தம். இந்தச் சொல்லோடு வளர்ந்த நாங்கள்தான் இப்போது ஃபோனில் அமெரிக்க சீரியல் பார்க்கிறோம். பார்த்த கையோடு நடிகர்கள் எவ்வளவு சம்பளம் வாங்குறாங்க என்றும் தேடுகிறோம்.

தேடினால் தலை சுற்றும். 'ஜட்ஜ் ஜூடி' நிகழ்ச்சியை நடத்திய ஜூடித் ஷைன்ட்லினுக்கு வருஷத்துக்கு 47 மில்லியன் டொலர். ஒளிப்பதிவு நடந்ததோ வருஷத்தில் 52 நாள்தான். ஒரு நாளைக்கு 9 லட்சம் டொலர் வருகிறது. 2013இல் நம்ம தோட்டங்களில் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து ஒரு பேருக்கு 620 ரூபா. அப்போதைய டொலர் விலையில் கணக்குப் போட்டால், அந்த ஒரு நாள் காசை எடுக்க ஒரு ஆள் 600 வருஷத்துக்கும் மேல கொழுந்து பறிக்கணும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பெருமூச்சு விடுவது லேசு. அந்தச் சம்பளம் எப்படி அந்த இடத்துக்குப் போனது என்று பார்த்தால்தான் நமக்குப் பிரயோசனம்.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் 1994இல் தொடங்கியது. ஆறு பேர் நடித்தார்கள். கொஞ்ச நாளில் சிலருக்குக் கூடவும் சிலருக்குக் குறைவாகவும் சம்பளம் வந்தது. கூட வாங்கிய டேவிட் ஷ்விம்மர், ஆறு பேரும் சேர்ந்தே பேசுவோம், எல்லாருக்கும் ஒரே தொகை கேட்போம் என்றார். 1996இல் அப்படியே பேசி, ஒரு எபிசோடுக்கு ஆளுக்கு 75,000 டொலர் வாங்கினார்கள். 2000இல் மறு ஒளிபரப்பு வருமானத்திலும் பங்கு கேட்டு வாங்கினார்கள். கடைசி இரண்டு சீசனில் ஆளுக்கு ஒரு எபிசோடுக்கு 10 லட்சம் டொலர். ஒருத்தரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசி மடக்க முடியவில்லை. ஆறு பேரும் வராவிட்டால் தொடரே இல்லை.

'டுநைட் ஷோ'வின் ஜானி கார்சனும் இதே பலத்தில்தான் பேசினார். போகப்போறேன் என்றார். 1980இல் புது ஒப்பந்தம் வந்தது. நிகழ்ச்சி 90 நிமிஷத்திலிருந்து 60 ஆகக் குறைந்தது, சம்பளம் ஏறியது, நிகழ்ச்சியின் உரிமையும் அவர் கைக்கு வந்தது. திறமை வேண்டும்தான். ஆனால் தொகையை முடிவு செய்வது, 'வேணாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியுமா என்பதுதான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு நம்ம வரலாற்றைப் பார்ப்போம். நம்ம ஆட்கள் கடனோடுதான் இந்த மலைக்கு வந்தார்கள். அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் இருந்தது. கங்காணியின் கடனைத் தீர்க்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை 'வேணாம்' என்ற சொல்லே தொழிலாளியிடம் இல்லை.

இந்திய அரசின் அழுத்தத்தால் 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அந்தத் தொகையை எழுதிய மேசையில் தொழிலாளி யாரும் உட்காரவில்லை.

தானாக எழுந்து கேட்டபோது என்ன நடந்தது? ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரியில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்துப்போனார். அதே வருஷம் மே மாதம் நம்ம பதுளையில் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். தொரை அந்தச் சபையோடு பேசித்தான் தோட்டத்தை நடத்த வேண்டியிருந்தது. அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆனாலும் ஹாலிவுட்டில் ஆறு பேர் செய்ததற்கு 56 வருஷம் முன்னாடியே, ஊவாவில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பெண்களின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1976இல் பார்பரா வால்டர்ஸ் அமெரிக்க மாலைச் செய்தியை இணைந்து வாசிக்கும் முதல் பெண்ணாக ஏபிசிக்குப் போனார். வருஷத்துக்கு 10 லட்சம் டொலர் என்றதும் செய்தி வாசிக்க இவ்வளவா என்று பெரிய சத்தம். இங்கே கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த பேர்தான். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் எல்லாம் ஒன்றாக நின்று வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் வந்தது. ஒன்றாக நின்றால் கிடைக்கும் என்பதற்கு நம்மிடம் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு கூட்டு ஒப்பந்தக் காலம் வந்தது. பெயர் கூட்டு ஒப்பந்தம்தான். கையெழுத்துப் போட்டவர்கள் கொழும்பில் முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கத் தலைவர்களும். ஷ்விம்மர் தன் சம்பளத்துக்குத் தானே குரல் கொடுத்தார். நம்ம அம்மாமார் தங்கள் சம்பளத்தை ரேடியோ செய்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

2016இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, கொடுப்பனவுகளோடு 730. அந்தக் கொடுப்பனவுகளில் தேயிலை விலைக்கான பங்கு 30 ரூபா. ஹாலிவுட்டில் மறு ஒளிபரப்புப் பங்கு என்றால், நம்ம ஊரில் அது இந்த 30 ரூபாதான். 2018 அக்டோபரில் 1,000 ரூபா கேட்டு, கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடினார்கள். நம்ம வயசு ஆட்கள். 2019 ஜனவரியில் வந்தது அடிப்படை 700, விலைப் பங்கு 50. 1,000 ரூபா 2021 மார்ச்சில்தான், அதுவும் சம்பள நிர்ணய சபை மூலமாக வந்தது. அதோடு கூட்டு ஒப்பந்தம் கைவிட்டுப்போனது. 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ஆனது.

அமெரிக்காவில் எல்லா நடிகரும் கோடீஸ்வரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2023இல் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. சங்கத்தின் மருத்துவக் காப்புறுதிக்கு அப்போது வருஷம் 26,470 டொலர் உழைத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான உறுப்பினர்கள் அதைக்கூட எட்டுவதில்லை. சினிமாப் படம் டிவியில் போகும்போது கிடைக்கும் காசும் ஓய்வூதியமும் 1960 வேலைநிறுத்தத்தில் வந்தவை. நட்சத்திரங்கள் ஏறி நிற்கும் தரையைப் பேர் தெரியாத நடிகர்கள்தான் போட்டார்கள்.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 118 நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் நடிகரின் வீடு ஸ்டூடியோவுக்குச் சொந்தமில்லை. நம்ம லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் கூரையும் போய்விடுமோ என்ற பயத்தோடு சம்பளம் பேச முடியாது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து இருக்கிறது என்று வருஷக்கணக்கில் முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் போக இன்னொரு வீடு வேணும், அதற்குக் காணி வேணும்.

அதனால் அடுத்த தடவை 'எவ்வளவு கூட்டுறாங்க' என்று கேட்கும்போது, அதோடு இரண்டு கேள்வியையும் நாம் சேர்த்துக் கேட்போம். பேசப் போகிறவர் பேசுவதற்கு முன் தோட்டத்து ஆட்களிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினாரா? லயத்துக்குப் பதிலாக வீடும், அந்த வீட்டுக்கு உறுதியும் எப்போது வரும்? சொந்தக் காணியில் நின்று 'வேணாம்' என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு வேற விலை.