சரித்திரம் தேடி நடந்தவர்கள்

தேனாம்பேட்டைக்கு வடக்கே, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. வளாகம் என்று அழைக்கப்பட்டுவந்த கல்வித்துறை வளாகம். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த அந்த இடத்தில்தான் 1851-இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 கனிமக் கற்களே அதன் முதல். சுவடிகளின் களஞ்சியம் வேறு திசையில்: தெற்கே, நந்தனம் தாண்டி அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால் கோட்டூர்புரம். அங்கே அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இயங்குகிறது. 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் அதில் உள்ளன. அவற்றில் ஒரு பகுதிக்கு 'மெக்கன்சி தொகுப்பு' என்று பெயர்.

காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். 1783-இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார், பிறகு பொறியாளரானார். திப்பு வீழ்ந்தபின் மைசூரை அளந்தார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நிலஅளவையாளரானார். நிலத்தை அளக்கப் போன இடத்திலெல்லாம் அந்த நிலத்தின் கதையையும் கேட்டு எழுதி வாங்கினார். ஆனால் இந்திய மொழி எதையும் அவர் படித்துத் தேறவில்லை. அதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அப்படியானால் கேட்டது யார், எழுதியது யார்?

ஏலூர்க்காரர்களான காவலி சகோதரர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அவர்களில் போரய்யா, இருபது வயதில் மெக்கன்சியிடம் வேலைக்குச் சேர்ந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் என்று பல மொழி அறிந்தவர். ஹளகன்னடம் எனும் பழங்கன்னடக் கல்வெட்டுகளை வாசிக்க வழி கண்டவர். இந்திய அறிவுலகின் வாசலுக்குள் தன்னை முதலில் அழைத்துச் சென்றவர் அவர்தான் என்று மெக்கன்சி பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆனால் போரய்யா 1803-இல், இருபதுகளிலேயே இறந்துபோனார். தம்பி லட்சுமய்யா அவர் இடத்துக்கு வந்தார். இன்னொரு தம்பி ராமசாமியும் அதே வேலையில் இருந்தார். 1829-இல் தென்னாட்டுக் கவிஞர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதிக் கல்கத்தாவில் வெளியிட்டவர் இவர்.

லட்சுமய்யாவின் கீழ் ஒரு குழு இருந்தது. நாராயண ராவ், நிட்டல நாயினா, ஸ்ரீனிவாசய்யா, சமணரான தர்மய்யா என்று பெயர்கள் கிடைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு சீமை. தமிழ்நாட்டுப் பக்கம் கொங்கும் தொண்டை மண்டலமும் சோழ நாடும் இவர்கள் காலடியில் வந்தன. ஊருக்குள் போவார்கள், கர்ணத்தைப் பார்ப்பார்கள், கோயிலில் தலபுராணச் சுவடி கேட்பார்கள், பாளையக்காரர் வீட்டில் வம்சாவளி கேட்பார்கள், கல்வெட்டைப் படி எடுப்பார்கள். செப்பேடு இருந்தால் இரவல் வாங்கிப் பிரதி செய்து திருப்பிக் கொடுப்பார்கள். ஊர்க்காரர் சொன்ன வரலாற்றைக் 'கைபீது' என்ற பதிவாக எழுதி வாங்குவார்கள். போன ஊர், பார்த்த ஆள், கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் எழுதித் தலைமைக்கு அவ்வப்போது அறிக்கை அனுப்ப வேண்டும்.

என் கணக்கில் தொகுப்பிலேயே சுவையான பகுதி இந்த அறிக்கைகள்தான். வந்தவர்களை ஊர் எளிதில் நம்பவில்லை. கம்பெனி சர்க்காரின் ஆள் வந்து பழைய செப்பேட்டைக் கேட்டால், மானிய நிலத்தைப் பிடுங்கவோ வரியை ஏற்றவோ வந்திருக்கிறான் என்றுதான் குடியானவன் நினைப்பான். அந்தச் சந்தேகம் அடியோடு பொய் என்றும் சொல்ல முடியாது. புதிதாகப் பிடித்த நாட்டில் யாருக்கு எந்த உரிமை என்று அறிய கம்பெனிக்கும் ஆசை இருந்தது. ஆகவே சேகரிப்பவருக்கு முதல் வேலை எழுத்துவேலை அல்ல, சமாதானம் சொல்லும் வேலை. துரைக்குப் பழங்கதையில் பிரியம், உங்கள் ஊர்ப் பெயர் நிலைக்கும் என்று திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பேச வேண்டும். சரித்திரக் களஞ்சியம் ஒன்றுக்காக நாடு முழுக்க நடந்து ஆதரவு திரட்டியது என்று இதைச் சொன்னால் மிகையில்லை. களஞ்சியம் என்ற திட்டம் அப்போது காகிதத்தில்கூட இல்லை. கேட்டவர்களின் பேச்சில் மட்டும்தான் இருந்தது.

1816-இல் தாமஸ் ஹிக்கி சென்னையில் வரைந்த எண்ணெய்ச் சித்திரம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நடுவில் செங்கோட்டு அணிந்த மெக்கன்சி. பின்னணியில், தூரத்துக் குன்றின்மேல் கோமடேஸ்வரர் சிலை. சுற்றிலும் மூன்று இந்தியர்கள். தூரநோக்கியைப் பிடித்திருக்கும் சேவகர் ஒருவர். ஓலைச்சுவடி ஏந்தியவர் ஒருவர். இன்னொருவர் சமணப் பண்டிதர். லட்சுமய்யாவும் தர்மய்யாவும் அதில் இருக்கிறார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்து கம்பெனி அதிகாரி தன் உருவப்படத்தில் கூலி கொடுத்து வைத்த பண்டிதருக்கு இடம் கொடுத்ததே பெரிது. மெக்கன்சியின் மனசு அப்படி. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அது இருக்கவில்லை.

1821-இல் மெக்கன்சி கல்கத்தாவில் இறந்தார். 1828-இல் ஹோரஸ் ஹேமன் வில்சன் தொகுப்புக்கு அட்டவணை போட்டார். 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள், 2,630 ஓவியங்கள். எண்களைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 8,076 கல்வெட்டு என்றால் முள்செடியை வெட்டி, கல்லைக் கழுவி, வெயிலில் குந்தி எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியது. அப்போது மைப்படி எடுக்கும் வழக்கம் பரவியிருக்கவில்லை.

கல்கத்தாவில் இருந்த தென்னாட்டுச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி இலக்கியச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. லட்சுமய்யா சும்மா இருக்கவில்லை. சென்னை இந்து இலக்கியச் சங்கம் என்று ஒன்றைக் கூட்டினார். அரைகுறையாக நின்ற வேலையைத் தானே தலைமையேற்று முடிக்கிறேன், மாவட்டந்தோறும் ஆள் போடுகிறேன் என்று அரசுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் குழுவுக்குப் போனது. 1836-இல் சங்கத்தின் இதழில் அந்தக் குழுவின் அறிக்கை அச்சாகியது. சாரம் இதுதான்: கல்வெட்டையும் கதையையும் தரம்பிரித்துப் பொதுமுடிவுக்கு வரத் தெரிந்த தலைமை தேவை, அதை ஒரு சுதேசியிடம் எதிர்பார்க்க முடியாது. சங்கத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். அடுத்த ஆண்டே பிராமி எழுத்தைப் படித்துப் புகழ் பெற்றவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னவர் கமலாகாந்த வித்யாலங்கார் என்ற வங்கப் பண்டிதர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேலை பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் போனது. பூச்சி அரித்தவற்றையும் மை மங்கியவற்றையும் அவர் மறுபடி எழுத வைத்தார், 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதியாக அட்டவணை வெளியிட்டார். அதைக் குறை சொல்லமாட்டேன். மெக்கன்சி, லெய்டன், சி.பி. பிரவுன் ஆகியோரின் தொகுப்புகளைச் சேர்த்து 1869-இல் சுவடி நூலகம் உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் டி.வி. மகாலிங்கம் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக வெளியிட்ட சுருக்கத் தொகுதிகள்தான் இன்று ஆய்வாளரின் கைவிளக்கு. கொங்குதேச ராஜாக்கள் வரலாறு இந்தக் குவியலில் இருந்துதான் அச்சேறியது.

சுவடிக்காக ஊர்ஊராக அலைந்தவர் என்றால் தமிழர் நினைவுக்கு உ.வே.சா.தான் வருவார், அவர் பெயரிலான நூலகம் பெசன்ட் நகரில், இதே தென்சென்னையில்தான் இருக்கிறது. ஐயர் தாமே அலைந்தார், தாமே பதிப்பித்தார், 'என் சரித்திரம்' எழுதி யார் வீட்டுப் பரணில் எது கிடைத்தது என்பதையும் தாமே பதிந்துவிட்டுப் போனார். நிட்டல நாயினாவுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. அவர் எழுதியது வேறொருவர் பெயரில் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டது.

நாயினா போன்றவர்களை நினைவுகூரக் கோட்டூர்புரம் நூலகத்தில் ஒரு சுவர் ஒதுக்கினால் போதும். அறிக்கைகளில் தேதியும் ஊர்ப் பெயரும் இருப்பதால், எந்த மாதம் யார் எங்கே இருந்தார் என்று தென்னிந்திய வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். நாராயண ராவுக்கு ஒரு நிறம், நாயினாவுக்கு ஒரு நிறம், ஸ்ரீனிவாசய்யாவுக்கு ஒன்று. ஒவ்வொரு கோட்டின் கீழும் அந்த ஊரில் கிடைத்த சுவடியின் எண்ணையும், கேட்டுக் கிடைக்காமல் திரும்பிய ஊர்களின் பட்டியலையும் போடலாம்.