பிணையில்லாத சிநேகம்

சென்னைக்குக் கற்சுவர்த் துறைமுகம் அமையாதிருந்த நாட்களில், சீமையிலிருந்து வந்த கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் வெகு தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, அவற்றை முதலில் அணுகியவர்கள் கட்டுமரக்காரர்கள். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, அலை புரட்டித் தள்ளினாலும் மறுபடி ஏறி அமர்ந்து துடுப்பு வலித்து அவர்கள் வந்து போனபின், தைத்த பலகைகளாலான மசூலா படகுகளில் மற்றொரு வகையினர் கப்பலுக்கு ஏறி வருவார்கள். இவர்கள் மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷிகள். கும்பினி உத்தியோகத்தை நம்பிப் பதினாறு பதினேழு வயதில் தாய் தந்தையரைப் பிரிந்து வந்த ஆங்கில வாலிபன், தரையில் கால் வைக்குமுன்னரே தனக்காகச் சிரித்த முகத்தோடு ஒருவர் காத்திருப்பதைக் கண்டு உள்ளம் நெகிழ்வான். வீடு பார்த்துத் தருவதாகவும், வேலையாட்களை அமர்த்துவதாகவும், சம்பளம் வரும்வரை கைச்செலவுக்குக் கடன் தருவதாகவும் சொல்லிக்கொண்டே, முன்னாள் எஜமானர்கள் எழுதிக்கொடுத்த நற்சாட்சிப் பத்திரங்களை அவர் எடுத்து நீட்டுவார். அவற்றுள் மெய்யானவையும் உண்டு. வேறொருவருக்கு எழுதியதை இரவல் வாங்கியவையும், எவரோ எழுதி எவர் பெயரையோ கையெழுத்தாக இட்டவையும் உண்டு.

துபாஷிகள் அனைவரையும் வஞ்சகர் என்று சொல்வது பெரும் அநியாயம். அந்த வகுப்பிலிருந்து வந்த பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமாகும்போது விட்டுச்சென்ற தருமத்தால் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் கல்வி பெற்றிருக்கின்றனர். அதே காலத்தில், அதே நகரில், கவர்னர் ஹாலண்டின் செல்வாக்கு நிழலில் வளர்ந்த அவதானம் பாப்பையா, ஓர் அதிகாரியைப் பதவியினின்று வீழ்த்தப் பொய்ச் சாட்சியம் ஜோடித்த சதிக்காக 1792-இல் தண்டிக்கப்பட்டார். கப்பல் தட்டில் நின்ற வாலிபனுக்கு இவ்விருவரில் யார் தன் எதிரே நிற்கிறார் என்று அறிய வழியில்லை என்பதுதான் விஷயம். கையிலுள்ள பத்திரம் பேசுகிறது. பத்திரத்துக்கு யார் பிணை?

வடசென்னை இதற்குத் தனக்கே உரிய ஒரு விடையைக் கண்டிருந்தது. மசூலா படகோட்டிகள் குடியேறி இராயப்பர் ஆலயத்தை எழுப்பிய ராயபுரத்தில், 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அந்த வேலையைச் சிதைத்தும் அது மீண்டும் எழுந்தது. அடுத்த நூற்றாண்டில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், லாரித் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. இன்று டயருக்குப் பெயர்பெற்ற எம்.ஆர்.எப். ஸ்தாபனம் 1946-இல் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யும் கொட்டகையாகத் திருவொற்றியூரில்தான் ஆரம்பமாயிற்று. பல ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் நெருங்கி வாழ்ந்த இப்பிரதேசத்தில், அந்நியன் எவனும் தனியாக உள்ளே நுழையவில்லை. தெரிந்த ஒருவர் கைப்பிடித்து அழைத்து வந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்தவனுக்கு ஒரு மேஸ்திரி வேண்டியிருந்தது. குத்துச்சண்டை பழக விரும்பியவனுக்கு ஒரு வாத்தியாரும் ஒரு பரம்பரையும் வேண்டியிருந்தன. சார்பட்டாப் பரம்பரையின் கித்தேரி முத்து, ஆங்கிலோ-இந்திய வீரர் நாட் டெர்ரியை வீழ்த்திய கதையை இன்றும் சொல்லும் பெரியவர்கள், அவர் எந்தப் பரம்பரை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் பெயரையே சொல்வார்கள்.

கேரம் பலகையிலும் இதே சம்பிரதாயம். மன்றத்து வாசலிலோ தெருமுனையிலோ தொங்கும் பல்பின் கீழே பவுடர் தூவி ஆட்டம் நடக்கும். புதிதாக வந்த பையன் முதலில் நின்று வேடிக்கை பார்ப்பான். “எந்தத் தெருடா? யார் வூட்டுப் புள்ள?” என்று ஒரு கேள்வி எழும். கூட்டத்தில் ஒருவர், “நம்ம பையன்தாண்ணே, சேத்துக்கோ” என்று சொன்னபின்னரே அவன் கையில் ஸ்ட்ரைக்கர் ஏறும். அவன் காசு வைத்து ஏமாற்றினால் அவனை மட்டுமன்று, அவனுக்காகச் சொன்னவரையும் கேட்பார்கள். இந்த மண்ணின் பலகைகளிலிருந்துதான் வியாசர்பாடி இளவழகியும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் எழுந்து வந்தனர்.

அந்தப் பழைய பிணையில் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேஸ்திரி கூலியில் தன் பங்கை அறுத்துக்கொண்டார். அக்கொடுமையைத் தணிக்கவே 1948-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்து, பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிற்று. தெருவையும் குலத்தையும் கேட்ட அதே கேள்வி, எத்தனையோ பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்தியும் இருக்கும். எனினும், பிணையை நீக்கியவர்கள் அதன் இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை என்பதே என் மனத்தை வருத்துகிறது.

அந்நீக்கம் ஒரே நாளில் நிகழவில்லை. 1995 ஆகஸ்ட் 15-இல் இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டபோது சென்னை அவற்றுள் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகள் கவுண்ட்டர் ஸ்டிரைக் ஆடினார்கள். ஆனால் அங்கே சுட்டவனும் சுடப்பட்டவனும் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தனர். சென்டர்க்கார அண்ணனுக்கு இருவரின் வீடும் தெரியும். பின்னர், 1871-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி சென்ற இந்தக் கடலடியில், 2002-இல் கண்ணாடி இழைக் கேபிள் சென்னையைச் சிங்கப்பூரோடு பிணைத்தது. 2016-க்குப் பின் மொபைல் டேட்டா மலிந்தது. 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது. காசிமேட்டுச் சந்தில் திண்ணையில் அமர்ந்த பையனின் ஸ்குவாடில், இன்ன ஊர் என்றே சொல்ல முடியாத மூவர் சேர்ந்தனர். ஆட்டம் முடிந்ததும் அவர்களிடமிருந்தும், அவன் கண்டேயிராத வேறு பலரிடமிருந்தும், நட்பு வேண்டும் கோரிக்கைகள் வரத் தொடங்கின.

சிநேக முகம் காட்டிக் கணக்கைப் பறிக்கும் வஞ்சகத்துக்கு அப்போதே ஒரு சரித்திரம் இருந்தது. 1990-களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் சேவையில், நிறுவனத்து ஊழியரைப் போல் நடித்து, “உம்முடைய கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைத் தெரிவியும்” என்று செய்தி அனுப்பும் உபாயம் தோன்றிற்று. எங்கள் ஊழியர் எவரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்று அந்நிறுவனம் எச்சரிக்க நேர்ந்தது. 2003-இல் வந்த ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டுத் தளத்தில் 2013 முதல் துப்பாக்கிக்கு வண்ணம் பூசிய ‘ஸ்கின்’கள் விலைபோகும் சரக்காயின. அதன்பின் திருடனுக்கு வங்கியே தேவையில்லை. விளையாட்டுக் கணக்கே பெட்டகம். 2015 டிசம்பரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் பறிபோகின்றன என்று தானே ஒப்புக்கொண்டது.

திருட்டின் முறையை நோக்கினால் அது எவ்வளவு மனமறிந்து செய்யப்படுகிறது என்பது விளங்கும். முதலில் நட்புக் கோரிக்கை. ஏற்றதும் இரண்டொரு நாள் இனிய பேச்சு. பிறகு, “எங்கள் அணிக்கு ஓர் ஓட்டுப் போடு” என்று ஒரு லிங்க்; அல்லது, “தவறுதலாக உன்மேல் புகார் கொடுத்துவிட்டேன், உன் ஐடி முடங்கிவிடும், இந்த அதிகாரியிடம் உடனே பேசு” என்று பதறிய குரல். லிங்கைத் தொட்டால் அசல் தளத்தைப் போலவே உள்நுழையும் பெட்டி ஒன்று திறக்கும். சில இடங்களில் அது தனி ஜன்னலே அன்று, பக்கத்துக்குள் வரைந்த சித்திரம். கணினியில் அதைப் பிடித்து பிரவுசரின் விளிம்புக்கு வெளியே இழுத்துப் பார்த்தால் மெய்யான ஜன்னல் வெளியே வரும், வரைந்தது விளிம்போடு நின்றுவிடும். போனில் இந்தச் சோதனைக்கு இடமில்லை. கடவுச்சொல்லும் ஓடிபியும் போன மறுகணம் கணக்கு கைமாறும். அந்தக் கணக்கிலிருந்தே அவனுடைய மெய்யான சிநேகிதர்களுக்கெல்லாம் அடுத்த லிங்க் புறப்படும். இரவல் நற்சாட்சிப் பத்திரத்தைவிட இது கொடியது; ஏனெனில் இங்கே இரவல் வாங்கப்படுவது சிநேகிதனின் முகம்.

நிறுவனங்கள் செய்த பரிகாரங்களை வரிசையாகப் பார்த்தால், வடசென்னை அறிந்த பிணையையே அவை தடவித் தடவி மீண்டும் கட்டியிருப்பது தெரிகிறது. 2011-இல் ஸ்டீம் இரண்டாம் பூட்டு ஒன்றை வைத்தது. 2015 ஏப்ரலில், ஐந்து டாலராவது செலவிடாத கணக்கு எவருக்கும் நட்புக் கோரிக்கை அனுப்பக்கூடாது என்று விதித்தது. அவ்வாண்டின் இறுதியில், போனில் உறுதிசெய்யாத பண்டமாற்றைச் சில நாட்கள் நிறுத்திவைக்கலாயிற்று. பணத்தைப் பிணையாகக் கேட்டதனால் பொய்க் கணக்குகளை ஆயிரக்கணக்கில் அவிழ்த்துவிடுவது செலவு பிடிக்கும் காரியமாயிற்று. ஆயினும் பறித்த கணக்கு ஏற்கெனவே பணம் கட்டிய கணக்கு அல்லவா? காலத்தைப் பிணையாக்கிய மூன்றாவது விதியையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன். பதற்றத்தில் செய்ததை மாற்றிக்கொள்ள அது அவகாசம் தருகிறது.

இலவச மொபைல் ஆட்டங்களில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து டாலர் வேலி எட்டவில்லை. 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைப்பட்டது. வழக்கமான வாசல் அடைபட்டதும் பிள்ளைகள் பக்கவாசல் தேடினார்கள். அங்கே காத்திருந்தவன், “இந்த லிங்கில் ஐடியைப் போடு, டைமண்ட் இலவசம்” என்று ஆட்டத்துக்குள் செல்லும் நாணயத்தைக் காட்டி அழைத்தான்.

சட்டம் இல்லாமலில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள், பிறர் அடையாளத்தைத் திருடுவதற்கும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் மூன்றாண்டு வரை சிறை விதிக்கின்றன. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டமும், அதன்கீழ் 2025-இல் வந்த நள்ளிரவுத் தடையும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைக் கருதி எழுந்தவை. டைமண்ட் கேட்டு ஏமாந்த பையன் அவற்றின் பார்வையில் படுவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும்போது இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைத்தால், அது திருடன் கையை அடையுமுன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ஆனால் போன் அப்பாவுடையது, அவர் எண்ணூரில் இரவு ஷிப்டில் இருக்கிறார், சொன்னால் அடி விழும் என்று பையன் விடியும்வரை வாயைத் திறப்பதில்லை. பணத்தைக் காப்பாற்றக்கூடிய நேரம் அந்த மௌனத்தில்தான் கழிகிறது. பறிபோனது ஐடி மட்டுமென்றால், அதை மீட்கப் பழைய ரசீதையும் முதலில் பதிந்த மெயிலையும் நிறுவனம் கேட்கும். தெருவில் இன்னொரு பையனிடம் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து ஐடியை வாங்கியவனிடம் இவை இரண்டுமே இருப்பதில்லை.